மூன்றாவது வரியில் ஒரு மூச்சு

என் கணவரின் உதட்டுக்குள் இன்னொரு பெண் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது நான் பாடிக்கொண்டிருந்தேன். அவர் ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டால் சிரிப்பு வரும். வேறொருத்தி வீட்டில் நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அவர் எட்வின், ட்ரம்பெட் வாசிப்பவர். நான் ரோசலின், பாடுகிறவள். இருபத்து நாலு வருஷமாகப் பெரம்பூரில் குடித்தனம். பிள்ளை இல்லை, இரண்டு ட்ரம்பெட் உண்டு. ஜாஸ் என்றால் கூச்சலும் ஆட்டமும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்களுடையது அந்த ரகம் இல்லை. கூல் ஜாஸ் என்பார்கள். நிதானமான காதல் பாட்டுகள். குரல் ஒரு வரியைப் பாடி முடிக்கும். கடைசி எழுத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ட்ரம்பெட் மெதுவாக உள்ளே வரும். ஊதுகிறவர் பாடுகிறவளின் தோளையே பார்த்துக்கொண்டிருப்பார். தோள் ஏறினால் மூச்சு எடுக்கிறாள், இறங்கினால் வரி முடிந்தது. எப்போது ஊதுவது என்பது பாதி வித்தை. எப்போது சும்மா இருப்பது என்பது மீதி.

இயந்திரங்களே எல்லாப் பாட்டையும் எழுதிப் பாடித் தள்ளும் இந்தக் காலத்தில் எங்களுக்குப் பிழைப்பு இருப்பதே இதனால்தான். எழும்பூரில் ஓர் அரங்கம் இருக்கிறது. இருநூறு நாற்காலி. ஒரு மனுஷன் நிஜமாக மூச்சை இழுத்து விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றே அங்கே கூட்டம் வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எட்வினுக்குக் காப்பி மோவாயில் வழிந்தது. உதட்டு நரம்பு செத்துவிட்டது என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். எந்த உயிரைச் சொன்னார்களோ தெரியவில்லை. இரண்டு வருஷம் அவர் கண்ணாடி முன்னால் நின்று விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்து ஊதிப் பார்த்தார். காற்று பக்கவாட்டில் போகும், எச்சில் சட்டையில் விழும். ஒரு நாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் ட்ரம்பெட்டைப் பழைய பித்தளைக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டார். பெரம்பூர் பாலம் வரை ஓடி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷன் மறுபடி ஊதாவிட்டால் ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்று.

அப்போதுதான் இழை வந்தது. தலைமுடியை விட மெல்லிய ஒரு கம்பி வலை. உதட்டுத் தசைக்குள் பின்னி வைத்துவிடுவார்கள். செத்த நரம்பின் வேலையை அது செய்யும். ஆனால் உதட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே. அதற்கு அவருடைய பழைய ஒலிப்பதிவுகள் வேண்டும் என்றார்கள்.

பதிவுகளைத் தேர்ந்தெடுத்தது நான். நாற்பத்தொன்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை இழை வைத்து எண்பதாவது நாள். குடைப் பாட்டை எடுத்தோம். எட்வினே மெட்டமைத்தது, ஊருக்கெல்லாம் தெரிந்தது.

பேருந்து போய்விட்டது,
மழையும் விட்டுவிட்டது,
நான் மட்டும் குடை மடக்காமல் நிற்கிறேன்.

மூன்றாவது வரி முடிந்ததும் ட்ரம்பெட் வர வேண்டும். நான் "குடை மடக்" என்ற இடத்தில் இருக்கும்போதே வந்துவிட்டது.

"என்னங்க, நான் இன்னும் முடிக்கல."

"ஆமா ஆமா. தப்பு என்னுதுதான். திரும்ப எடு."

திரும்ப எடுத்தேன். அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம், அந்த வார்த்தையின் நடுவில், கத்தி வைத்த மாதிரி. நாலாவது தடவை அவர் கண் என் தோளிலேயே இருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. நான் "மடக்" என்றதும் உதடு தானாகக் குவிந்து ஊதிவிட்டது.

"நான் ஊதல ரோஸ்," என்றார். "அது போயிடுச்சு."

ஒரு வார்த்தையை நடுவில் உடைத்து அங்கே மூச்சு எடுக்கிற பாடகியை எனக்குத் தெரியும். ஒரே ஒருத்திதான். சாருலதா.

எனக்கு முன்னால் எட்வினோடு ஐந்து வருஷம் பாடியவள். குடைப் பாட்டை முதலில் பாடியதும் அவள்தான். சன்னமான உடம்பு. பாதி வார்த்தையில் மூச்சு எடுப்பாள். ரசிகர்கள் அதை விம்மல் என்றார்கள். பத்திரிகைகள் பாணி என்றன. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நுரையீரல் நோயில் செத்துப்போனாள். அவள் இடத்துக்குத்தான் நான் வந்தேன். முதலில் மேடைக்கு, பிறகு வீட்டுக்கு. அவளைப் பற்றி அவர் பேசியதில்லை. நான் கேட்டதில்லை. கேட்காமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

நான் கொடுத்த நாற்பத்தொரு பதிவுகளில் முப்பத்தாறு அவளோடு அவர் வாசித்தவை. மனைவியாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருந்தால் வேறு பதிவுகளை எடுத்திருப்பேன். பாடகியாக உட்கார்ந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் வாசித்த மாதிரி எட்வின் அதற்கு முன்பும் வாசிக்கவில்லை, அதற்குப் பின்பும் இல்லை. இது எனக்கு என்றைக்குமே தெரிந்த விஷயம். முள் மாதிரி உள்ளே இருந்த விஷயம். ட்ரம்பெட்டைத்தானே அந்த இழை கற்றுக்கொள்ளப்போகிறது, குரல் யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். பாட்டுக்காரர்களுக்கு மட்டும் வரக்கூடிய முட்டாள்தனம்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு ராயப்பேட்டையில் டாக்டர் கமருன்னிஸாவைப் பார்க்கப் போனேன். இழை வைத்தது அந்த அம்மாள்தான். எட்வினிடம் வெறும் பரிசோதனை என்று சொல்லியிருந்தேன். டாக்டரிடம் முதல் நாளே போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

காத்திருக்கும் அறையில் ஒருவர் மடியில் சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அயனாவரம் ஏகாம்பரம், முடி திருத்துபவர். கை நடுக்கத்துக்கு இழை வைத்துக்கொண்டவர்.

"என்கிட்ட இருந்த வீடியோ எல்லாம் ஒரே சினிமா நடிகருக்கு வெட்டினது சார்," என்று எட்வினிடம் சொன்னார். "அத வச்சு சொல்லிக்குடுத்துட்டாங்க. இப்ப எந்தத் தலைய தொட்டாலும் நெத்தியில ஒரு சுருள் விழுந்துடுது. போன வாரம் ஒரு சாவு வீட்ல மொட்டை போடப் போனேன். முழுசா வழிச்சிட்டேன், முன்னாடி மட்டும் ஒரு சுருள் நிக்குது. அடிக்க வந்துட்டாங்க."

எட்வின் சிரித்தார். வெகு நாளைக்கப்புறம் சிரித்தார்.

"மாத்தச் சொல்லலாமே?"

"தொண்ணூறு நாளைக்குள்ள சொல்லியிருக்கணும். எனக்கு உறைஞ்சு போச்சு சார். இனி காலம் பூரா சுருள்தான். அதான் வாரத்துல ரெண்டு நாள் வந்து சண்டை போட்டுட்டுப் போறேன்."

உள்ளே டாக்டர் எட்வினை நாற்காலியில் சாய்த்து, உதட்டில் இரண்டு பொட்டு ஒட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். சின்னச் சின்னச் சத்தங்களைப் போட்டார். கதவு சாத்துவது. மணி. யாரோ இருமுவது. திரையில் கோடு நேராக ஓடியது. பிறகு ஒரு பெண் மூச்சை இழுக்கும் சத்தம். என்னுடையது, ஏதோ பதிவிலிருந்து வெட்டியது. கோடு அசையவில்லை.

அதற்கடுத்து இன்னொரு மூச்சு. சின்னது, பாதியில் மாட்டிக்கொண்டது.

கோடு செங்குத்தாக எழுந்தது. கண்ணை மூடியிருந்த எட்வினின் உதடு குவிந்தது. கையில் ட்ரம்பெட் இல்லை, எதிரில் பாட்டு இல்லை. வெறும் காற்றில், முத்தத்துக்கு நீட்டுகிற மாதிரி.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"முடிஞ்சுதா?" என்றார் எட்வின், கண்ணைத் திறந்து. "பசிக்குது."

அவரை வெளியே ஏகாம்பரத்தோடு பேச விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே நின்றேன்.

"குரலை நீங்க எடுத்துட்டுத்தானே சொல்லிக்கொடுத்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

"எடுக்கலம்மா. எடுத்தா அவர் எப்ப ஊதறார், எப்ப நிறுத்தறார்னு இழைக்கு எப்படித் தெரியும்? நாங்க ஊதறதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். அது காத்திருக்கறதையும் சேர்த்துக் கத்துக்கிச்சு. அந்த அம்மா மூச்சு எடுத்தா வரணும். அதுதான் அதுக்குத் தெரிஞ்ச பாட்டு."

"ஆனா நான் அங்க மூச்சு எடுக்கறதில்லையே."

"அந்த எடம் வந்தாலே அதுக்குப் போதும். அந்த மூச்சு நிஜமாவே வந்துட்டா இன்னும் சுத்தமா வரும். வேற யாரு பாடினாலும் முட்டிக்கிட்டேதான் இருக்கும்."

"அதை மட்டும் எடுத்துட முடியாதா?"

"மாவுல கலந்த உப்பை எடுக்கச் சொல்றீங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வழி இருக்கு. இப்படியே விடலாம். இல்லன்னா எல்லாத்தையும் அழிக்கலாம். அழிச்சா இழை உதட்டுக்குப் பலம் மட்டும் தரும். பழக்கம் தராது. ட்ரம்பெட்ட முதல் நாள் தொட்ட ஆள் மாதிரி ஆரம்பிக்கணும். அவருக்கு அம்பத்தெட்டு வயசு. புதுசா சொல்லிக்கொடுக்கவும் முடியாது, நாள் இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தொண்ணூறு நாள் முடியுது. அப்புறம் உறைஞ்சிடும். நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அதே வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு எழும்பூரில் எங்கள் கச்சேரி. மூன்று வருஷத்துக்கப்புறம் எட்வின் மேடை ஏறப்போகிற நாள்.

"இது அவர் உதடு. அவர்கிட்ட சொல்லியாகணும்," என்றார் டாக்டர்.

"நானே சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன் டாக்டர்."

அந்த அம்மாள் என்னை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. என்றாலும் தலையை ஆட்டினார்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொன்னால் அவர் அழித்துவிடுவார். எனக்காக அழித்துவிடுவார், அவர் அப்படிப்பட்ட ஆள்தான். அழித்துவிட்டால் மறுபடி அந்தக் கண்ணாடி, அந்த எச்சில், அந்தப் பித்தளைக்காரன். என்னால் இன்னொரு முறை பாலம் வரை ஓட முடியாது. அவர் உதட்டைப் பற்றிய முடிவை அவருக்குத் தெரியாமல் நான் எடுத்தேன். தப்புதான். தப்பு என்று தெரிந்தே எடுத்தேன்.

இழை மாறாது என்றால் நான் மாறிக்கொள்கிறேன். அவளுடைய மூச்சு வேண்டுமா அதற்கு? கொடுத்துவிட்டால் போகிறது.

தொண்டைக்கு ஓய்வு வேண்டும், கச்சேரி வரை சேர்ந்து ஒத்திகை வேண்டாம் என்று எட்வினிடம் சொன்னேன். காரணம்கூடக் கேட்காமல் சரி என்றார். தினமும் காலையில் அவர் மார்க்கெட்டுக்குப் போனதும் நான் மாதா கோயிலின் பாடகர் அறைக்குப் போவேன். காதில் சாருவின் பதிவுகளைப் போட்டுக்கொண்டு அவள் மூச்சை மட்டும் கேட்பேன். மூச்சை அடக்குவது சுலபம். மூச்சு பற்றாமல் போவதைக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டம். வரியைத் தொடங்குவதற்கு முன்பே நெஞ்சைக் காலி பண்ணிக்கொள்ள வேண்டும். இருக்கிற கொஞ்சத்தில் "மடக்" வரை வந்து, அங்கே காற்றுக்குத் தவித்து, பாதி மட்டும் எடுத்து, மீதியை நடுங்கிக்கொண்டே முடிக்க வேண்டும். ஐந்தாம் நாள் பழகிவிட்டது. ஆறாம் நாள் மாடிப்படி ஏறும்போதும் அப்படியே மூச்சு வந்தது. பயந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொறாமையாக இருந்தது. செத்துப்போனவள் மேல் பொறாமை. அவளாவது செத்தாள், நான் உயிரோடு இருந்துகொண்டே காணாமல் போய்க்கொண்டிருந்தேன். இருபத்து நாலு வருஷம் நான் பாடியபோதெல்லாம் இந்த மனுஷன் உள்ளுக்குள் யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்? அந்தக் கேள்வி சோறு வடிக்கும்போதுகூட வந்து நின்றது.

வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது எட்வின் தட்டைப் பார்த்தபடி கேட்டார். "நீ எதாவது சொல்லணுமா ரோஸ்?"

"இல்லையே. நீங்க?"

"நான் என்ன சொல்லப்போறேன். ரசம் ஊத்து."

ஊற்றினேன். கொஞ்சம் மேஜையில் கொட்டியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துடைக்கத் துணியை எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை, கச்சேரிக்கு முன்னால் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று எட்வின் கிளம்பினார். அவர் போனதும் டாக்டருக்கு போன் செய்தேன்.

"அப்படியே விட்டுடுங்க டாக்டர். நாங்க முடிவு பண்ணிட்டோம்," என்றேன்.



"அவர் விஷயத்தை நான் அவர்கிட்ட மட்டும்தான் பேச முடியும் ரோசலின்," என்றார். "கச்சேரி நல்லா நடக்கட்டும்." வைத்துவிட்டார்.

என் மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்வின் திரும்பும்போது மணி ஒன்று. ஒரு தலைக்கு அவ்வளவு நேரமா என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் நேராகப் போய்ப் படுத்துவிட்டார். ட்ரம்பெட்டைத் தொடவே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் வண்டியில் புரசைவாக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முள் ஐந்தைத் தொட்டதும் பெருமூச்சு விட்டேன். முடிந்தது. உறைந்துவிட்டது. இனி அவர் சாகும் வரை அந்த ஐந்து வருஷத்து எட்வினாகவே வாசிப்பார். பக்கத்தில் பார்த்தேன். அவரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசை கைக்கெட்டும் தூரத்தில். பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிக்கும் தாமு எங்களுக்குப் பின்னால் நின்றான். எனக்கு வலப்பக்கம் எட்வின். முதல் பாட்டே குடைப் பாட்டு. பேஸும் குரலுமாகத் தொடங்கும். மூன்றாவது வரியில்தான் ட்ரம்பெட். மூன்று வருஷம் கழித்து இவர் ஊதப்போகிற முதல் சுரம் அது. ஊருக்கே அது தெரியும். ஒருவரும் அசையவில்லை.

தாமு நாலு தட்டு போட்டான்.

பேருந்து போய்விட்டது. பாடினேன்.

மழையும் விட்டுவிட்டது. பாடிக்கொண்டே நெஞ்சைக் காலி பண்ணினேன். விலா ஒட்டிக்கொண்டது. கண் லேசாக இருண்டது.

நான் மட்டும் குடை மடக்.

மூச்சு எடுத்தேன். சாருவின் மூச்சு. மைக் அதைப் பிடித்து அரங்கம் முழுக்க விட்டது. சின்னது, பாதியில் மாட்டிக்கொண்டது. ஒன்பது நாள் உழைப்பு, அட்சரம் பிசகாமல் வந்தது.

ட்ரம்பெட் வரவில்லை.

தாமு தந்தியை இன்னும் இரண்டு தடவை மீட்டிவிட்டு நிறுத்தினான். நான் திரும்பிப் பார்த்தேன். எட்வின் ட்ரம்பெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. மேடை விளக்கு நேராக அவர் நெற்றியில் விழுந்தது. அங்கே, நரைத்த முடியில், சினிமா நடிகருக்கு இருக்கிற மாதிரி ஒரு சுருள் தொங்கியது.

மதியத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இப்போதுதான் கண்ணில் பட்டது. ஊரில் அந்தச் சுருளை விடுகிற கை ஒன்றுதான் உண்டு. அந்தக் கை வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிற இடமும் ஒன்றுதான், டாக்டரின் காத்திருக்கும் அறை.

போய்விட்டது. எல்லாம் போய்விட்டது. நான் காப்பாற்றி வைத்திருந்ததாக நினைத்த எட்வின் காலையிலேயே போய்விட்டார்.

அப்போது ட்ரம்பெட் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் இரண்டே எட்டில் என்னிடம் வந்து தோளைப் பிடித்தார்.

"ரோஸ், என்னாச்சு? மூச்சு வரலையா? எத்தன நாளா இப்படி இருக்கு? ஏன் சொல்லல? தாமு, நாற்காலி கொண்டா, சீக்கிரம்."

எல்லாம் மைக்கில் போயிற்று. இருநூறு பேரும் கேட்டார்கள். இழை இருந்தாலும் அவர் குரலில் பாதி எழுத்து குழறும். அது இன்னும் குழறியது. அவர் கை என் முதுகில் விரிந்திருந்தது. மூச்சு உள்ளே போகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாம ஏன் அப்படி மூச்சு வாங்குச்சு?"

"வேணும்னுதான் எடுத்தேன். அந்த எடத்துல எடுத்தா நீங்க வருவீங்கன்னு."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கையை நீட்டி மைக்கை உள்ளங்கையால் பொத்தினார்.

"பைத்தியமா நீ?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அது நான் வர்ற எடம் இல்ல ரோஸ். அவளுக்கு மூச்சு நிக்கிற எடம். நின்னது வெளிய தெரிஞ்சா பாட விடமாட்டாங்கன்னு அழுவா. அதனால நின்னதும் நான் பாஞ்சு போய் மூடுவேன். அஞ்சு வருஷம். ஒவ்வொரு பாட்டுலயும், இன்னிக்கு இங்கயே செத்துடுவாளோன்னு. பயத்துல ஊதினதம்மா அது. ஊர்ல எல்லாரும் காதல்னாங்க."

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு டாக்டர் ரூம்ல அந்த மூச்சு கேட்டுச்சு பாரு," என்றார். "கண்ண மூடியிருந்தேன். அவ பக்கத்துல நிக்கிற மாதிரியே இருந்துது. மறுநாளே டாக்டருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் கேட்டுட்டேன். சாகற வரைக்கும் அதையே ஊதணுமா நானு? அதுவும் நீ பாடும்போது?"

"அதான் அழிச்சிட்டீங்க."

"காலைல. உனக்கு எப்படித் தெரியும்?"

நெற்றியில் தொங்கிய சுருளை விரலால் பின்னால் தள்ளினேன். மறுபடி முன்னால் வந்து விழுந்தது.

"டாக்டர் கூப்பிடறதுக்குள்ள அந்த ஏகாம்பரம் புடிச்சு உக்கார வச்சிட்டான்," என்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியா?"

முதல் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பின்னால் யாரோ எழுந்து போகும் சத்தம் கேட்டது. நான் குனிந்து ட்ரம்பெட்டை எடுத்தேன். விழுந்ததில் விளிம்பு நெளிந்திருந்தது. அவரிடம் நீட்டினேன்.

"எனக்கு வாசிக்க வராது ரோஸ்," என்றார். "நேத்து பொறந்தவன் மாதிரி இருக்கேன். உன்னைத் தனியா பாட விட்டுட்டு நிக்கலாம்னுதான் வந்தேன். சொல்லத்தான் தைரியம் வரல."

"ஒரு சுரம் வருமா?"

அவர் யோசித்தார். "ஒண்ணு வரும்."

மைக்கை மூடியிருந்த அவர் கையை எடுத்துவிட்டேன். மன்னிக்கணும், முதலிலிருந்து பாடுகிறோம் என்று சபையிடம் சொன்னேன். தாமு நாலு தட்டு போட்டான்.

பேருந்து போய்விட்டது. நெஞ்சு நிறைய மூச்சு எடுத்தேன். ஒன்பது நாளாக அடைத்து வைத்திருந்தது அவ்வளவும் உள்ளே போனது. மழையும் விட்டுவிட்டது. மூன்றாவது வரியில் எங்கேயும் உடைக்காமல் போனேன். குடை மடக்காமல் என்ற இடம் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். உதடு குவியவில்லை. அவர் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார், இருபத்து நாலு வருஷமாகப் பார்க்கிற மாதிரி.

நிற்கிறேன் என்று முழுசாகப் பாடி முடித்து, வாயை மூடி, தோளை இறக்கினேன்.

அதையும் பார்த்துவிட்டுத்தான் அவர் ட்ரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனார். முதலில் வெறும் காற்று வந்தது. அப்புறம் ஒரு சுரம் வந்தது. சுருதி கொஞ்சம் கீழே இருந்தது.